பதினான்காம் எண் குப்பி

வேலூர்,
9 மார்ச் 2025

பார்த்திபனுக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நானே விலகிவிட்டேன். மிச்சமிருப்பது தபால்தான். செஞ்சியில் உன் ரத்தப் பரிசோதனைக் கடையின் முகவரி எனக்கு மனப்பாடம், எட்டு வருஷமாக நம் அறிவியல் குழுவின் முகவரியும் அதுதானே.

உனக்குச் சேதி வந்ததா என்று தெரியாது. வந்திருந்தால் நீ வாயை மூடிக்கொண்டு இருப்பது இன்னும் மோசம். போன ஞாயிற்றுக்கிழமை நம் அறிவியல் விழாவில் நீ மைக்கைப் பிடித்து, "பதினாலாம் நம்பர், நாவல்தாங்கல் பொதுக் கிணறு" என்று சொல்லி சோதனை மருந்தில் தண்ணீர் கருத்துப்போன ஒரு குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய். கூட்டம் "ஐயோ" என்றது. உனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? உங்க கிணத்துல கக்கூஸ் தண்ணி கலக்குது" என்றாய்.

புதன்கிழமை காலை எங்கள் ஊர் ஆட்கள் கடப்பாரையோடு தைலம்மாள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் இருப்பது அவள் கழிவறை ஒன்றுதான். புருஷன் செத்த பிறகு, மகள் வயசுக்கு வந்துவிட்டாளே என்று இரண்டு வருஷம் அலைந்து கட்டியது. சிமெண்ட் உறையை உடைத்துக் குழியில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். கதவைக் கூடப் பிடுங்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் அம்மா போனில் சொன்னது. சொல்லும்போதே அழுதாள்.

அந்தக் குப்பிகளைத் தட்டில் வைத்து மேடையில் ஏந்தி நின்ற பெண் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தைலம்மாளின் மகள் தமிழினி. தன் வீட்டுக் கழிவறைக்கு வந்த தீர்ப்பைத் தானே தூக்கிக்கொண்டு நின்றாள்.

நீ உடனே நாவல்தாங்கலுக்குப் போ. அது முதல்கட்டச் சோதனைதான், முடிவு அல்ல என்று ஊரைக் கூட்டிச் சொல். சொல்லாவிட்டால் உன்னோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

ஹேமா


செஞ்சி,
14 மார்ச் 2025

ஹேமா,

ரத்தம் கொடுக்க ஏழு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கக் கூடாது என்று மடித்து வைத்தேன். அவ்வளவு கோபம்.

முதலில் ஒரு விஷயம். உன்னைத் தடுத்து வைத்தது ஏன் என்றால், விழா முடிந்த அன்றே பதினோரு குரல் பதிவு அனுப்பினாய். அதில் ஒன்பதில் என்னைப் "படம் காட்டுறவன்" என்றாய். ராஜகிரி மலையைப் பார்த்த மாதிரி பந்தல் போட்டு, வடை சுட ஆள் பிடித்து, சூரியனைப் பார்க்கக் கண்ணாடி செய்து, நானூறு பேரை உட்கார வைத்தவன் நான். நீ வெள்ளிக்கிழமை வந்தாய், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினாய். படம் காட்டினேன், சரி. படம் காட்டாமல் இந்த ஊரில் யார் அறிவியல் கேட்க வருகிறார்கள்?

இரண்டாவது, இருபத்திரண்டு ஊர், இருபத்திரண்டு குப்பி. ஐந்து கருத்தது. மற்ற நாலு ஊர்க்காரர்களும் மறுநாளே பிளீச்சிங் பவுடர் கேட்டு என் கடைக்கு வந்தார்கள். உன் ஊர்க்காரர்கள்தான் கடப்பாரை எடுத்தார்கள். என் குப்பிக்குள்ளேயா கடப்பாரை இருந்தது?

எடுத்தவர் யார் என்று நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன் பெரியப்பா தர்மநாதன். எறும்பு மிதிபடக் கூடாது என்று தரையைப் பார்த்து நடக்கிற மனுஷன், உறையில் முதல் அடியைப் போட்டார். அவர் பெயர் உன் பேனாவில் வரவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் ஒருவன் போதும் உனக்கு.

முதல்கட்டச் சோதனை என்று போய்ச் சொல்லச் சொல்கிறாய். அந்தத் தண்ணீரை ஒரு குழந்தை குடித்துப் பேதியானால் அப்போது என்ன சொல்வாய்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் குப்பி மை மாதிரி இருந்தது. கறுப்பைக் கறுப்பு என்றுதான் சொல்வேன். சோதனையில் தப்பு எங்கே என்று காட்டு, நானே மண்டி போட்டுச் சொல்கிறேன். அதுவரைக்கும் உன் அழுகையை வைத்து என்னை மிரட்டாதே.

பார்த்திபன்


வேலூர்,
19 மார்ச் 2025

பார்த்திபன்,

தப்பைக் காட்டச் சொன்னாய். 2019-இல் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைத் திற. அந்த வரி உன்னுடையது, என் கையெழுத்தில் நீ சொல்லச் சொல்ல எழுதியது. "ஒரு குப்பி கருத்தால் அது சந்தேகம் மட்டுமே. மூன்று நாளுக்குள் மறுபடி எடுத்துப் பார்க்காமல் ஊர்ப்பெயரை வெளியில் சொல்லக் கூடாது." யாருக்காக எழுதினோம் அதை? பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமா? மேடை ஏறியதும் உனக்கு ஒன்பதாம் பக்கம் மறந்துபோகுமா?

பெரியப்பாவை நான் காப்பாற்றவில்லை. அவரிடம் போனில் கத்தினேன். "நீதானே சயின்ஸ்னு எல்லாத்தையும் கூட்டிம் போன? சயின்ஸு சொன்னத செஞ்சோம். இப்ப இன்னா?" என்றார். எட்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் "பார்த்து நம்புங்கள், சோதித்து நம்புங்கள்" என்று கத்தினோம் இல்லையா? நம்பிவிட்டார்கள்.

இன்னொன்று. தமிழினி பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். கழிவறை போன பிறகு அவளும் அவள் அம்மாவும் விடியற்காலையில் ஏரிப்பக்கம் போகிறார்கள். பகலில் போக இடமில்லை என்று அந்தப் பெண் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. கணக்குப் பரீட்சையில் பாதியில் மயங்கி விழுந்திருக்கிறாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தார்களாம், மீதியை எழுத நேரம் இல்லை.

இதையும் நான் அழுதுகொண்டு எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆண்பிள்ளை நீ, செஞ்சிக் கடைத்தெருவில் எந்தச் சந்திலும் திரும்பி நின்றுகொள்வாய். உனக்கு ஒரு குப்பி கருத்தால் அது விஞ்ஞானம், அவளுக்கு அது என்ன என்று போய்க் கேள்.

ஹேமா


செஞ்சி,
27 மார்ச் 2025

ஹேமா,

போனேன். கேட்டேன். கணக்குப் பரீட்சை சேதி எனக்குத் தெரியாது, அது உண்மை. ஒன்பதாம் பக்கம் எனக்குத் தெரியும், அதுவும் உண்மை. மைக் கையில் இருந்தது, கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது, படித்துக்கொண்டே போய்விட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னைச் சொல்ல வைக்காதே.

கிணற்றின் மேல் முள் போட்டு மூடியிருந்தார்கள். விலக்கி, கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலைக் கயிற்றில் கட்டி நானே இறக்கினேன். மூன்று குப்பி, நாற்பத்தெட்டு மணி நேரம். மூன்றிலும் நிறம் மாறவில்லை.

நேற்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் ஊர் நடுவில் காட்டினேன். கிணறு நல்ல கிணறுதான், தைலம்மாள் மேல் பழி இல்லை என்றேன். உன் பெரியப்பா குப்பியை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார், ஹேமா.

"இன்னா தம்பி, இதுகூடப் புரியலையா? குழிய மூடனோம், தண்ணி சுத்தமாயிடுச்சி. நாங்க செஞ்சது சரின்னு நீயே நிரூபிச்சிட்ட" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் எங்கே ஓட்டை? நான் படிக்கிற காலத்தில் ஒரு பரிசோதனைக்கு அப்படித்தான் முடிவு எழுதியிருப்பேன்.

தைலம்மாள் கூட்டத்துக்குள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டாள்: "என் கக்கூஸ இடிக்க ஒரு பாட்டில் போதும். கட்றதுக்கு எத்தினி பாட்டில் வேணும் சார் உங்களுக்கு?"

அந்தக் கேள்வியோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். இப்போது எனக்கு ஒரே வழிதான் இருக்கிறது. முதல் குப்பி ஏன் கருத்தது என்று கண்டுபிடிக்கணும். மருந்து சரி, அதே டப்பாவிலிருந்து போட்ட பதினேழு குப்பி கருக்கவில்லை. குப்பிகளை வைத்த சூட்டுப் பெட்டி சரி. மீதி, தண்ணீர் எடுத்து வந்த பாட்டில்தான். நாவல்தாங்கல் பாட்டிலை எடுத்தது யார்? சொந்த ஊர், நானே எடுக்கிறேன் என்று வாங்கிப் போனவள் நீ.

நான் குற்றம் சாட்டவில்லை. சாட்டினாலும் தப்பில்லை. பிப்ரவரி 28 காலை நீ என்ன செய்தாய் என்று வரி வரியாக எழுது. கை கழுவினாயா, மூடியை எங்கே வைத்தாய், எல்லாம். நம் பிள்ளைகளிடம் கேட்போமே, அதே மாதிரி.

பார்த்திபன்


வேலூர்,
2 ஏப்ரல் 2025

பார்த்திபன்,

கல்லூரியில் ஐந்து வருஷமாக விலங்கியல் பாடம் எடுக்கிறவளிடம் கை கழுவினாயா என்று கேட்கிறாய். நல்லது. எழுதுகிறேன், அதன் பிறகு உன் சூட்டுப் பெட்டியை நீ திரும்பவும் பார்.

காலை ஆறரை மணி. சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கிணற்றடியில் யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கொதிநீர் ஊற்றி அலசியிருந்தேன். அதில்தான் சேந்தினேன், பாட்டிலுக்குக் கயிறு கட்ட வாகாக இல்லை என்பதால். வீட்டு வாசலுக்கு வந்தேன். நீ கொடுத்த பாட்டிலின் மூடியைத் திறந்து கையிலேயே வைத்துக்கொண்டேன், தரையில் வைக்கவில்லை. கொடியிலிருந்து துணியை எடுத்துப் பாட்டில் வாயில் போட்டு ஊற்றினேன். மூடினேன். துணியைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி, அதைக் கிணற்றிலேயே

பார்த்திபன், இந்த இடத்தில் அரை மணி நேரமாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வடிகட்டினேன். வடிகட்டுகிறேன் என்று தெரிந்து வடிகட்டவில்லை. எங்கள் சமண வீடுகளில் யாருக்கும் வடிகட்டாத தண்ணீரைக் கொடுக்க மாட்டோம். தண்ணீரில் உள்ள சின்ன ஜீவன் யார் தொண்டையிலும் போய்விடக் கூடாது. துணியில் தங்கியதை எடுத்த கிணற்றிலேயே அலசி விட்டுவிட வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்கிற வேலை. உனக்குக் கொடுக்கப் போகிற தண்ணீர், அதனால் கை தன்பாட்டுக்குத் துணியை எடுத்துவிட்டது.

அந்தத் துணி எங்கே காய்கிறது தெரியுமா? மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துக் கொடியில். காலையில் சாணி அள்ளி, கூட்டித் தள்ளிய தூசு முழுக்க அதன் மேல். ஈரம் வேறு. எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை, ஏனென்றால் அம்மா வடிகட்டிய தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒரு நாளும் குடிக்க விட்டதில்லை. பாட்டிலில் போன தண்ணீரை யார் கொதிக்க வைத்தார்கள்?

ஒரு மாசமாக உன்னைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுக்கப் போவதில்லை, மைக்கைப் பிடித்தது நீதான். ஆனால் அந்தக் குழியில் முதல் கூடை மண் என்னுடையது. என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஹேமா


செஞ்சி,
8 ஏப்ரல் 2025

ஹேமா,

உன் அம்மாவிடம் போய் அந்தத் துணியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் மடித்துக் கொடுத்தார்கள். நாவல்தாங்கல் கிணற்றுத் தண்ணீரை ஒரு குப்பியில் நேராக ஊற்றினேன். இன்னொன்றில் உன் துணி வழியாக ஊற்றினேன். நேராக ஊற்றியது அப்படியே இருக்கிறது. துணி வழியாகப் போனது இருபது மணி நேரத்தில் கருத்துவிட்டது.

ஆறுதல் சொல்ல மாட்டேன். உனக்கும் அது பிடிக்காது, எனக்கும் வராது. பெட்டியில் இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அப்புறம் ஒன்பதாம் பக்கம் ஞாபகம் வந்தது. நான் மறுபடி எடுத்துப் பார்த்திருந்தால் உன் துணி தானே வெளியே வந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லாமல்.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. நீ வரணும். துணியும் வரணும். கிணற்றடியிலேயே எல்லோர் முன்னாலும் தண்ணீர் எடுத்து, நேராக ஒன்று, துணி வழியாக ஒன்று ஊற்றி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட பெட்டியில் மூன்று நாள் முன்பே வைத்துவிடுகிறேன். அன்றைக்குத் திறப்போம். குழியை மூடியதால்தான் தண்ணீர் சுத்தமானது என்கிற பேச்சை உடைக்க இது ஒன்றுதான் வழி. மைக்கில் சொன்னது என் தப்பு என்று நான் சொல்கிறேன். துணியைப் பற்றி நீ சொல்லணும், உன் வாயால்.

பார்த்திபன்


வேலூர்,
22 ஏப்ரல் 2025

பார்த்திபன்,

நீ எழுதுவது சுலபம். மண்டி போடுகிறேன் என்பாய், போட்டுவிட்டு எழுந்து கடையைத் திறப்பாய். நான் சொல்லப் போவது என்ன என்று யோசித்தாயா?

பெரியப்பா இங்கேயே வந்துவிட்டார், பஸ் ஏறி. இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஊர்ல நம்ம வீடு ஒம்போது. மத்ததெல்லாம் அவங்க வீடு. நம்ம வடிகட்ற துணில சாணி இருக்குதுன்னு மைக்குல சொல்லப் போறியா? நாளைக்கு நம்ம வீட்ல எவன் தண்ணி வாங்கிக் குடிப்பான்? கக்கூஸ் ஒரு வீட்டுக் கஷ்டம். இது நம்ம எல்லாருக்கும் அசிங்கம்" என்றார்.

அவர் பயம் பொய்யில்லை, அதுதான் கொடுமை. ஒரு வீட்டால் தண்ணீர் கெட்டது என்று சொன்னால் ஊர் என்ன செய்யும் என்று மார்ச் ஐந்தாம் தேதியே பார்த்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் என் அம்மா வீடு வந்து நிற்கும்.

"கடப்பாரைய எடுத்தப்ப உங்களுக்கு ஜீவகாருண்யம் எங்க போச்சு பெரியப்பா?" என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை அவரிடம் அப்படிப் பேசினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா போனில் "வரியா?" என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

வருவேன். ஆனால் ஒரு நிபந்தனை. துணி என்று சொல்வேன், கொட்டகைக் கொடி என்று சொல்வேன், என் கை என்று சொல்வேன். எங்கள் வழக்கம் அழுக்கு என்று அங்கே ஒரு வார்த்தை நீ சொன்னாலும் மேடையிலேயே உன்னை அறைவேன்.

ஹேமா


செஞ்சி,
11 மே 2025

ஹேமா,

நீ அன்றைக்கு அறையவில்லை. அதற்கு வேலை வைக்காமல் நான் ஏழே வாக்கியம்தான் பேசினேன். பேசப் பேச ஒரு கை தட்டல்கூட இல்லை, என் வாழ்க்கையில் அப்படி ஒரு மேடை பார்த்ததில்லை. பெட்டியில் துணி வழியாக ஊற்றிய குப்பி மட்டும் கருத்திருந்ததை ஊரே பார்த்த பிறகு, நீ துணியைத் தூக்கிக் காட்டியபோது பின்னால் யாரோ சிரித்தான். நான் பாய்வதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டார்கள். நாற்பது வருஷத்தில் கிராம சபையில் ஜெயந்தி அம்மா வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை என்கிறார்கள். "வடிகட்னா காய்ச்சணும். ரெண்டும் சேந்தாதான் எங்க வழக்கம். எம்பொண்ணு பாதி வழக்கம் செஞ்சா, அந்தப் பையன் பாதி சோதனை செஞ்சான். முழுசா செஞ்ச எங்க வீட்ல தண்ணி குடிக்க பயமா இருக்கறவன் இப்பவே எழுந்து சொல்லு" என்றார்கள். ஒருவனும் எழவில்லை.

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் எண்ணைத் திறந்துவிட்டேன், ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

நாம் மன்னிப்புக் கேட்டதற்குத் தைலம்மாள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். "மன்னிப்பு எனக்கு இன்னாத்துக்கு? மண்ண அள்ளுங்க." மறுநாள் நான், வீரமணி, நம் குழுவில் இன்னும் நாலு பேர் அள்ள ஆரம்பித்தோம். உன் பெரியப்பா இரண்டு கூலி ஆட்களை அனுப்பினார். தைலம்மாள் வேலியைத் திறக்கவே இல்லை. "மூடும்போது ஆள அனுப்ச்சாரா? நேர்ல தான வந்தாரு? தோண்டவும் நேர்ல வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை அவரே வந்தார். ஒவ்வொரு கூடை மண்ணையும் கொட்டுவதற்கு முன்னால் கையை விட்டுக் கிளறி, புழுவைப் பொறுக்கி ஓரமாக விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. அவர் சாயங்காலம் வரைக்கும் இருந்தார். புது உறை இறக்கியாயிற்று, கதவும் மாட்டியாயிற்று.

தமிழினிக்கு ரிசல்ட் வந்துவிட்டது. கணக்கில் மார்க் போய்விட்டது, ஹேமா. தேறிவிட்டாள், ஆனால் அவள் நினைத்த படிப்புக்கு அந்த மார்க் போதாது. அந்தக் குழியைத் தோண்டி எடுக்க என்னிடம் மண்வெட்டி இல்லை. மறுபடி அந்தத் தாளை எழுத வழி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீயும் விசாரி.

நேற்று அவள் என் கடைக்கு வந்தாள். அடுத்த மாதம் சீயமங்கலத்தில் நடத்தப் போகிற விழாவுக்கு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பதினாலாம் நம்பர். விழா அன்றைக்குத் தட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு மாசமும் வீட்டில் வைத்திருந்திருக்கிறாள். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்துக் கொடுத்தேன். "இனிமே எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல இதத்தான் காட்டணும். காட்டனா வரேன்" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

லேபிளும் அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். "நாவல்தாங்கல், 28.2.2025. கருத்தது கிணறு அல்ல. எடுத்தவர் ஹேமா. அறிவித்தவர் பார்த்திபன். தட்டைப் பிடித்தவர் தமிழினி."

உன் பெயர் எனக்கு முன்னால் வந்ததில் எனக்குக் கோபம். மைக்கைப் பிடித்தவன் பெயரை முதலில் போடு, தட்டைப் பிடித்த உன் பெயரை எடுத்துவிடு, நீ என்ன தப்பு செய்தாய் என்று தமிழினியிடம் சண்டை போட்டேன். "எழுதியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள்.

பார்த்திபன்